பதுளையிலிருந்து வெல்லஸ்ஸவுக்கு

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் வீதி தேயிலை மலைகளில் தொடங்கி வெல்லஸ்ஸவின் வயல்வெளிகளில் முடிகின்றது. கண்டி இராச்சியம் தன் இறைமையை, அதாவது தன் மண்ணைத் தானே ஆளும் உரிமையை, மீட்க நடத்திய பெரும் போர் ஊவா எனப்படும் இப்பகுதியில்தான் மூண்டது.

1815 மார்ச் 2ஆம் திகதி ஆங்கிலேயருடன் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம், மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நீக்கியதோடு, தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவரான அவனுடைய உறவினர்கள் கண்டி நாட்டுக்குள் நுழையவும் தடை விதித்தது. ஆயினும் 1817இல், அந்த வம்சத்துத் துரைசாமி எனத் தன்னைக் கூறிக்கொண்ட ஒருவரை அரசனாக முன்னிறுத்தியே ஊவா மக்கள் கிளர்ந்தெழுந்தனர் என்பது, இப்போரைத் தனியோர் இனத்தின் கதையாக மட்டும் சொல்லுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியாகும். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை, அதாவது மாகாண அதிகாரி, ஆங்கிலேயரின் ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மக்களுடன் சேர்ந்தார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. அதற்குள் ஊவாவின் வீடுகள் எரிக்கப்பட்டு, விளைச்சல் அழிக்கப்பட்டு, ஊர்கள் பாழாகியிருந்தன.

வாளுக்குப் பின் சட்டம் வந்தது. உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொண்ட 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், கிராமத்தார் மாடு மேய்த்து, சேனை வெட்டி, அதாவது காடழித்துப் பயிரிட்டு, வாழ்ந்த மேட்டுநிலங்களைக் கோப்பித் துரைமார் வாங்க வழிசெய்தது. அந்நிலத்தில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் இன்றும் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயக் காம்பராக்களில் குடும்பமாக வாழ்கின்றனர். கொழுந்துக் கூடையுடன் அவர்கள் ஏறும் மலையில் பெரும்பாலோருக்கு ஒரு பேர்ச் காணிக்கும் உறுதிப்பத்திரம் இல்லை.

இதை ஒத்த கதை வேறிடத்திலும் உண்டு. 1893இல் அரசி லிலியுஓகலானி கவிழ்க்கப்பட்ட ஹவாய்த் தீவுகளிலும் கரும்புத் தோட்டங்களுக்காக ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அங்கு இறைமை கோரும் பூர்வகுடியினரிடம் அமெரிக்கக் காங்கிரஸ் 1993இல் மன்னிப்புக் கேட்டது, நிலமோ திரும்பவில்லை. இலங்கையிலும் கெப்பெட்டிபொல முதலானோரைத் துரோகிகளாக்கிய ஆங்கிலேயரின் பிரகடனம் 2016இல் நீக்கப்பட்டது. காணிக் கேள்வி அப்படியே நிற்கின்றது. மகியங்கனைக்கு அருகே தம்பானையில் வாழும் பூர்வகுடியினரான வேடர்களின் வேட்டைக்காடும் 1983இல், சுதந்திர இலங்கையின் ஆட்சியிலேயே, மாதுறு ஓயா தேசியப் பூங்காவுக்குள் அடக்கப்பட்டது.

கண்டிக் கிராமத்தாரின் நில இழப்புக்குத் தோட்டத் தமிழர் மீது பழி சுமத்துவது அநீதி. ஒருவர் நிலத்தைப் பறித்த அதே ஆட்சிதான் மற்றவரை அந்நிலத்தில் கூலிக்கு நிறுத்தியது. ஆகவே ஊவாவின் காணி பற்றி எந்த அரசு முடிவெடுத்தாலும், கிராமத்தார், தோட்டத்தார், வேடர் ஆகிய மூவரையும் ஒருங்கே அழைத்துக் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.