‘பால் பத்தல்ல’

தாத்தாவுக்குப் பிள்ளை கிடைத்து நாலாம் நாள். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கட பக்கம் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம். யாரோ ஒரு கிழவருக்குப் பிள்ளை கிடைத்ததாக நினைக்க வேண்டாம்.) வீடு நிறைய ஆட்கள். பிள்ளை இரவெல்லாம் அழுதிருந்தது. தாத்தாவின் கண் இரண்டும் வீங்கிப்போய்க் கிடந்தன.

“புள்ளக்கி பால் பத்தல்ல போல ஈக்கி. ஒரு டின் எடுத்துக் குடுங்களேன்” என்று ஒரு மாமி ஆரம்பித்தார். அடுத்தவர் வந்து, “ஓ, மெலிஞ்சி போய்த்தான் ஈக்கி” என்றார். பின்னேரம் ஆகும்போது தாத்தாவே சொல்லத் தொடங்கிவிட்டாள்: “எனக்கிட்ட பால் இல்லடீ.”

நான்தான் மடவளை பஸாருக்குப் போய் பால்மா டின்னும் சூப்பிப் போத்தலும் வாங்கி வந்தேன். பெரிய உதவி செய்த நினைப்பு வேறு.

அடுத்த நாள் காலை மிட்வைஃப் மிஸ்ஸி வந்தார். டின்னைப் பார்த்தார், ஏசவில்லை. “எனக்கு முன்னுக்கு ஒருக்கா பால் குடுங்க மகள், பாப்பம்” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை காம்பின் நுனியை மட்டும்தான் பிடித்திருந்தது. மிஸ்ஸி பிள்ளையின் வயிறு உம்மாவின் வயிற்றோடு படும்படி திருப்பினார். வாய் நன்றாகத் திறக்கும் வரைக்கும் காத்திருந்து, பிறகு நெஞ்சோடு அணைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விழுங்கும் சத்தம் கேட்டது. நாலைந்து பேர் இருந்த அறையில் ஒருவரும் பேசவில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான். புதுப்பிள்ளையின் இரைப்பை சின்னது. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி அழுவது வழமை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் உடம்பு பாலைச் சுரக்கும். இடையில் போத்தலைக் கொடுத்தால் பிள்ளை உறிஞ்சுவது குறையும், பாலும் குறையும். அப்போது ‘பத்தல்ல’ என்ற சொல் உண்மையாகவே ஆகிவிடும். சந்தேகம் வந்தால் அழுகையை எண்ணாமல் நனைந்த துணியை எண்ணுங்கள். முதல் வாரம் முடியும்போது ஒரு நாளைக்கு ஆறாவது இருக்க வேண்டும்.

அந்த நாற்பது நாளில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் வாசித்துத் திரிந்தது ஒரு டொக்டரைப் பற்றி. பெயர் சிசிலி வில்லியம்ஸ். 1893 இல் ஜமேக்காவில் பிறந்தவர். முதலாம் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால் ஒக்ஸ்போர்டில் பெண்களுக்கும் மருத்துவம் படிக்க இடம் கிடைத்த காலம். அந்தக் கதவால் உள்ளே போனவர்.

1929 இல் பிரித்தானியக் குடியேற்ற மருத்துவ சேவை அவரை மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டுக்கு, இன்றைய கானாவுக்கு, அனுப்பியது. அங்கே ஒன்று முதல் நாலு வயது வரையான பிள்ளைகள் கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து இறந்துகொண்டிருந்தார்கள். சிசிலி தாய்மாரிடம் கேட்டார். அவர்களிடம் அந்த நோய்க்கு ஏற்கெனவே பெயர் இருந்தது: குவாஷியோர்கோர். அடுத்த பிள்ளை வந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய். அதாவது, தாய்ப்பால் நின்று வெறும் சோளக்கூழில் வளரும் பிள்ளைக்குப் புரதம் போதாமல் போகிறது. காரணம் பாதி அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. 1933 இல் நோயைப் பற்றி எழுதினார், 1935 இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் அதே பெயரை வைத்தே எழுதினார். பெரிய நிபுணர்கள், இது நமக்குத் தெரிந்த பெலாக்ரா நோய்தான் என்று மறுத்தார்கள். எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. கிராமத்துத் தாய்மார் வைத்த பெயர் இன்றைக்கும் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது.

1936 இல் அவரை மலாயாவுக்கு மாற்றினார்கள். அங்கே பிரச்சினை வேறு. சீனி போட்ட டின் பாலைக் குழந்தைக்கு உகந்தது என்று விற்றார்கள். தாதி உடுப்புப் போட்ட பெண்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மாரை நம்ப வைத்தார்கள். சீனி அதிகம், சத்துக் குறைவு. கரைக்கிற தண்ணீரும் சுத்தமில்லை, போத்தலும் சுத்தமில்லை. வயிற்றோட்டத்தில் பிள்ளைகள் இறந்தன. 1939 இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் பேசக் கூப்பிட்டபோது, தன் பேச்சுக்கு ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பு வைத்தார். பொய்ப் பிரசாரத்தால் நிகழும் சாவுகளைக் கொலையாகவே எண்ண வேண்டும் என்றார். பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையில்! அவர் கைநீட்டியது விற்றவர்களை நோக்கி. டின்னை வாங்கிய தாயை அல்ல.

1942 இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. சிசிலி சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். ஜப்பானிய இராணுவப் பொலிஸ் மாதக்கணக்கில் தனியாகக் கொண்டுபோய் விசாரித்தது. அந்தப் பட்டினி முகாமில் இருபது பிள்ளைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பிற்காலத்தில் அவர் சொல்வார். அரைவயிற்றுக்குச் சாப்பிட்ட தாய்மார். அவர்களைச் சுற்றிப் ‘பத்தல்ல’ என்று சொல்ல மாமிமார் இருக்கவில்லையோ என்று தாத்தாவிடம் கேட்டேன். சிரித்தாள். நாலாம் நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

1948 இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு அவர்தான் முதல் தலைவர். தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் மாவுக்கு விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவை வந்தது 1981 இல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார். இறந்தது 1992 இல், 98 வயதில்.

இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடிப்பதாக 2016 ஆய்வு சொல்கிறது. உலக அளவில் உயர்ந்த கணக்கு. அதற்குப் பின்னால் மிஸ்ஸிமாரின் கால்நடை இருக்கிறது. ஆனால் கிளினிக் சுவரில் ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்று ஒட்டிவிட்டு மிச்சத்தைத் தாயின் தலையில் போடுகிற பழக்கமும் எங்களிடம் உண்டு. ‘முழுமையாக இரண்டு வருஷம்’ என்ற இறைவசனத்தைத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்பவர்கள் நிறையப் பேர். அதே வசனம் அவளுடைய சாப்பாட்டையும் உடுப்பையும் தகப்பன் மேல் கடமையாக்குகிறதே, அதைச் சொல்பவர்கள் குறைவு. எல்லாம் முயன்றும் பால் கொடுக்க இயலாத தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இந்தக் கட்டுரையைக் காட்ட வேண்டாம்.

தாத்தா ஒரு டீச்சர். முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு கடந்த மாதம் முடிந்தது. பால் எடுத்து வைக்கப் பாடசாலையில் இடம் கேட்டதற்கு, ஸ்டோர் அறைத் திறப்பைக் கொடுத்திருக்கிறார்கள். உடைந்த கதிரைகளுக்கு நடுவில் ஒரு நல்ல கதிரை, உள்ளே தாழ்ப்பாள் இல்லை. இன்னொரு டீச்சர் வெளியே காவல் நிற்கிறார். விடியற்காலையில் எடுத்து வைக்கும் பாலை உம்மா கரண்டியால் ஊட்டுகிறார். முதல் இரண்டு நாளும் பிள்ளை பாதியைத் துப்பிவிட்டது. நேற்று முழுவதையும் குடித்ததாம். இடைவேளையில் போன் எடுத்துச் சொன்னேன்.

நான் வாங்கிய டின் இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது, திறக்காமல்.