உன் சுவரே என் சுவர்!

கோவையில் படிக்கிறீங்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்காடு பஸ்ஸில் ஏறுங்க. வாளையாறு தாண்டி பாலக்காட்டில் இறங்கி, ஒரு ஆட்டோ பிடிச்சா கல்பாத்தி. கேரளாவுக்குள்ள ஒரு தமிழ்த் தெரு! பல தலைமுறைக்கு முன்னாடி தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய பிராமணக் குடும்பங்களோட அக்ரஹாரம். திண்ணையில் கேட்கிற தமிழில் லேசா மலையாள வாசனை அடிக்கும்.

தெருவோட இரண்டு பக்கமும் வீடுகள் ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. இந்த வீட்டோட இடது சுவர்தான் அடுத்த வீட்டோட வலது சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. அதனால வீடு நீளமா உள்ளே போகும். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கடைசியில் கொல்லை. வெளிச்சமும் காத்தும் முன்னாடி, பின்னாடி, இல்லேன்னா கூரைத் திறப்பு வழியாத்தான் வரணும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. பொதுச் சுவர் மேலதான் இரண்டு வீட்டு உத்தரமும் உட்கார்ந்திருக்கு. ஒருத்தர் இடிச்சிட்டு கான்கிரீட் மாடி கட்டினா, பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடலாம். ஓட்டுக் கூரையில் மழைத்தண்ணி போற வழியும் மாறிடும். அதுக்காக, 'பழைய அழகு கெடக்கூடாது'ன்னு நாம ஈஸியா சொல்லிடலாமா? பாத்ரூம், பார்க்கிங் எல்லாம் அங்கே குடியிருக்கிறவங்களுக்குத்தானே வேணும்! பழசைக் காப்பாத்தச் சொல்றவங்க அதுக்கும் வழி சொல்லணும்.

சுவரைப் பங்கு போட்டுக்கிட்ட இந்தத் தெரு, ஒரு காலத்தில் தெருவை எல்லாருக்கும் பங்கு தரலைங்கிறதும் நிஜம். 1924 நவம்பரில் தேர்த் திருவிழா நேரத்தில் இங்கே நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டாங்க. இன்னிக்கு நீங்களும் நானும் ஹாயா நடக்கிறது அந்தத் தெருவில்தான்.

ஐப்பசிக் கடைசியில், அதாவது நவம்பர் நடுவில், ரதோற்சவம். ஜனங்க வடம் பிடிச்சு இழுக்க, பின்னாலிருந்து யானை தேரைத் தள்ளும் பாருங்க... சூப்பர் காட்சி! கூட்டம் வேண்டாம்னா சாதாரண நாளில் போங்க. விசுவநாத சுவாமி கோயில் படிக்கட்டில் இறங்கினா கல்பாத்திப் புழை.

ஒரே ஒரு விஷயம். இது மியூசியம் இல்லை, ஜனங்க வாழ்ற வீடு. திண்ணையில் உட்காரவோ, கேமராவை நீட்டவோ ஆசைப்பட்டா, முதல்ல "மாமி, உட்காரலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.