குழந்தைகளோடு ஒரு காப்பிக் கூடத்தில்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்தோறும் நின்று செல்லும் பேருந்தில் போனாலும் சரி, இரயிலில் போனாலும் சரி, காலையில் புறப்பட்டுக் காரியம் முடித்து இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். 1956 அக்டோபர் முடிய, குமரி மாவட்டத்தார்க்கு அரசாங்கத்தின் தலைநகரே அதுதான். எல்லை மாறிற்றே தவிர வழக்கம் மாறவில்லை. 1857-இல் தொடங்கப்பட்ட மிருகக்காட்சி சாலையைப் பிள்ளைகளுக்குக் காட்டவும், கடல் கடந்து வேலைக்குப் போகும் உறவினரை விமான நிலையத்தில் வழியனுப்பவும், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-இல் நிறுவப்பட்ட புற்றுநோய் மையத்தில் வைத்தியம் பார்க்கவும் நம் குடும்பங்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எதற்காகப் போனாலும், நண்பகல் நெருங்கும் வேளையில் ஒரே கேள்வி எல்லாரையும் வழிமறிக்கும்: இந்தச் சிறுசுகளை வைத்துக்கொண்டு எங்கே போய்ச் சாப்பிடுவது?

சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். மூன்று வயதுக் குழந்தையை உணவு விடுதிக்கு அழைத்துச் சென்ற தாயைக் கேட்டால் உண்மை விளங்கும். சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு இலைக்கு முன் காத்திருக்கும் இருபது நிமிடம் நமக்கு இளைப்பாறுதல். குழந்தைக்கோ அது முடிவில்லாத காலம். தண்ணீர்த் தம்ளரைக் கவிழ்க்கும். கரண்டியால் மேசையில் தாளம் போடும். அடுத்த மேசைக்காரரின் அப்பளத்தைக் கைநீட்டிக் கேட்கும். கிடைக்காவிட்டால் கூரை அதிர அழும். உடனே நாலு தலைகள் திரும்பும். அந்த நாலு பார்வையும் தகப்பனை நோக்கி வருவதில்லை. தாயைத்தான் நோக்கி வரும். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள். தகப்பனார் உண்டு முடித்துக் கைகழுவிய பிறகு வந்து, ஆறிப்போன சோற்றில் நாலு கவளம் விழுங்கிவிட்டு எழுவாள். வெளியூரில் ஒரு வேளையாவது சூடாக உண்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டால், கணக்குச் சொல்ல முடியாத பெண்கள் நம்மிடையே பலர் உண்டு.

நம் ஊர்ப் பழைய ஹோட்டல்களில் இதற்கென்றே ‘குடும்ப அறை’ என்று ஒன்று இருந்தது. மரத்தடுப்பும், ஊசலாடும் அரைக்கதவும், சில இடங்களில் ஒரு திரைச்சீலையும் இருக்கும். அது பெண்களுக்கு மறைவாகவும் குழந்தைகளுக்கு வசதியாகவும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அங்கே காற்று வராது. அழைத்தால் பரிமாறுபவரும் எளிதில் வரமாட்டார். குழந்தையின் சத்தத்தை மறைத்து வைத்தார்களேயன்றி, அதைப் பொறுத்துக்கொள்ள எவருக்கும் பழக்கம் உண்டாகவில்லை. இன்று அரைக்கதவுகள் பெரும்பாலும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் குளிர்சாதனக் கூடங்கள் வந்திருக்கின்றன. கண்ணாடியால் அடைத்து, தரையிலும் சுவரிலும் வழவழப்பான கல் பதித்த அந்தக் கூடங்களில் ஒரு கரண்டி விழுந்தாலும் அந்த ஓசை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். அவற்றைக் கட்டியவர்கள் குழந்தைகளை நினைத்துக் கட்டவில்லை என்பது என் எண்ணம்.

குழந்தைகளை நினைத்தோ நினையாமலோ, அவர்களுக்கு ஏற்றபடி அமைந்துவிட்ட கட்டடம் ஒன்று தம்பானூரில் இருக்கிறது. மத்திய இரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கும் அந்த இரைச்சல் மிகுந்த இடத்தில், பேருந்து நிலையத்தை ஒட்டி, செங்கல் நிறத்தில் வட்டமாக எழுந்து நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸ்தான் அது. வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, தொழுநோயாளர் மருத்துவமனைகளைக் கட்டும் பணிக்காக இந்தியா வந்து, கேரள மருத்துவர் ஒருவரை மணந்து, குறைந்த செலவில் கட்டடம் எழுப்புவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டு, 2007-இல் திருவனந்தபுரத்திலேயே கண்மூடியவர்.

இடமோ குறுகியது. அவர் அங்கே மாடிமேல் மாடியாக அடுக்கவில்லை. ஒரே சாய்தளத்தைச் சங்கின் புரியைப்போல் சுழற்றி மேலே ஏற்றிவிட்டார். நடுவில் ஒரு தண்டு. அதைச் சுற்றி ஏறும் நடைபாதை. வெளிச்சுவரை ஒட்டி, ஏற்றத்துக்கேற்பப் படிப்படியாய் அமைந்த மேசைகளும் இருக்கைகளும். மேசை இருக்கை எல்லாம் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. குழந்தை எவ்வளவு உலுக்கினாலும் அசையமாட்டா. நாற்காலி பின்னால் சாயுமோ என்ற அச்சமும் இல்லை. சுவர் முழுவதும் செங்கல்லை இடைவிட்டு அடுக்கிய சாளரங்கள். அவற்றின் வழியே வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன. உள்ளிருக்கும் சத்தம் வெளியே போகிறது. தெருவில் பேருந்து ஒலிப்பான்கள் ஓயாத இடத்தில் ஒரு குழந்தையின் அழுகை எம்மாத்திரம்?

வளைந்த பாதையானதால், நம் மேசையிலிருந்து பார்த்தால் முன்னும் பின்னும் சில மேசைகளே தெரியும். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பது அங்கே நடவாத காரியம். ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறென்ன?

இந்தக் காப்பி ஹவுஸ்களுக்கு ஒரு வரலாறு உண்டு. காப்பி வாரியம் நடத்திவந்த கடைகளை மூட முடிவு செய்தபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலன் போன்றோர் துணைநிற்க, தாமே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957-இல் பெங்களூரிலும் டெல்லியிலும், 1958-இல் திருச்சூரிலும் அவ்வாறு பிறந்தவை இவை. விசிறிபோல் மடிப்பு நிமிர்ந்த தலைப்பாகையும் வெள்ளுடையும் அணிந்து தட்டேந்தி வருபவர் கூலிக்கு நிற்பவர் மட்டும் அல்லர். சங்கத்தின் உறுப்பினராகவும் இருப்பவர். விருந்தினரை விரட்டி மேசையைக் காலி செய்ய அவருக்கு அத்தனை அவசரமில்லை. (அவசரமில்லாமை சில வேளைகளில் நம் காப்பிக்கும் பொருந்துவதுண்டு!)

மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே சிவப்பு. பீட்ரூட் சேர்ப்பது கேரளக் காப்பி ஹவுஸ்களின் தனி வழக்கம், கட்லெட்டிலும் அப்படியே. பெரியவர்களில் சிலர் முகம் சுளிப்பர். குழந்தைகளுக்கோ நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் நிறம் காட்டிக்கொள்ள அதுவே போதும். பத்து நிமிடம் அமைதி.

நான் சென்ற ஒரு நாளில், கீழிருந்து இரண்டாம் சுற்றில், நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று அமர்ந்திருந்தது. கைக்குழந்தை தாயின் மடியில். நான்கு வயதுப் பையன் ஒருவன் பாதையில். சரிவைக் கண்ட குழந்தை ஓடாமல் இருக்குமா? ஓடினான், மூச்சிரைக்க ஏறினான், கூவிக்கொண்டே இறங்கினான். “மக்ளே, அனங்காம இரி!” என்று தாய் அடிக்கொருதரம் கெஞ்சினாள். அடுத்த மேசையில் மருத்துவமனைக் கோப்பு ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு முதியவர் ஒருவர் தனியே தோசை உண்டுகொண்டிருந்தார். பையன் மூன்றாம் முறை கூவிக்கொண்டு வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டையும் கோப்பையும் கோப்போடு சேர்த்து எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து, மேல் சுற்றுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. “போவோம், வாங்க,” என்று கணவனிடம் சொல்லிக் குழந்தையைத் தோளில் போட்டாள். அவள் தோசை அப்போதுதான் வந்திருந்தது.

அதைக் கொண்டுவந்த பரிமாறுபவர், மலையாளம் கலந்த தமிழில், “அவர் எப்பவும் மேலேதான் இருப்பார், அம்மா. அங்கே நல்ல காற்று உண்டு. நீங்க சாப்பிடுங்க,” என்றார்.

அது உண்மையோ, அந்த நேரத்துக்குச் சொன்ன சமாதானமோ, நான் அறியேன். முதியவரைக் குறைகூறவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோப்பில் என்ன எழுதியிருந்ததோ! மருத்துவர் சொன்ன சொல்லை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கோப்பைக் காப்பிக்கு முன்னே சற்று அமைதி தேடி வருகிறவருக்கும் அங்கே இடம் வேண்டும். சத்தம் பொறுக்காதவர் எல்லாரும் குழந்தைகளை வெறுப்பவர் அல்லர். முறைக்காமல், முணுமுணுக்காமல், தாயின் முகத்தை ஏறிட்டும் பாராமல் அவர் எழுந்து போனாரே, அதுவும் ஒருவகை மரியாதைதான். எழுந்து போக மேலே ஒரு சுற்று இருந்ததும் அதற்கு உதவியது. ஒரே கூடமாயிருந்தால் அவர் எங்கே போயிருப்பார்?

தகப்பனுக்கும் ஒரு பங்கு உண்டென்பதை அந்த இளைஞர் அன்று புரிந்துகொண்டார்போலும். தம் காப்பியை அப்படியே வைத்துவிட்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறினார். செங்கல் இடுக்கு ஒவ்வொன்றின் வழியாகவும் நிலையத்துப் பேருந்துகளைக் காட்டி, எது எந்த ஊருக்குப் போவது என்று சொல்லிக்கொண்டே மெதுவாக நடந்தார். பையன் கூவவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். கைக்குழந்தை உறங்கிப்போயிற்று. அந்தப் பெண் ஒரு கையால் அதை அணைத்தபடி, மறுகையால் தோசையைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, அவசரமின்றி உண்டாள். பிறகு ஒரு காப்பியும் வரவழைத்துக் குடித்தாள். அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது.