கடல் கடந்த ஏழு இயந்திரங்கள்

புகையே கக்காத மின்சார வண்டியையும் நாம் ‘புகையிரதம்’ என்றுதான் சொல்லுகிறோம். பழகிய சொல் எளிதில் விட்டுப் போவதில்லை. இந்த நாட்டின் மின்சாரப் புகையிரதங்கள் சிலவற்றின் கதை எம்மவர்க்கும் பொருந்துவதால் இங்கே எழுதுகிறோம்.

பழைய சாமான் சந்தையில் எமது பிள்ளைகள் வாங்கி வந்த மாதிரி இயந்திரம் ஒன்றுதான் இதைத் தேடிப் படிக்க வைத்தது. 1960களின் ஆரம்பத்தில் ‘ட்ரை-ஆங்’ நிறுவனம் செய்த ‘எலெக்ட்ரா’ அது. மேலே கம்பி கட்டினால், கூரையிலுள்ள மடக்குச் சட்டத்தால் மின்சாரம் எடுத்து ஓடும்.

உண்மையான எலெக்ட்ரா ‘ஈ.எம்.2’ வகையைச் சேர்ந்தது. மன்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே வூட்ஹெட் மலையைக் குடைந்து பாதை போட்டிருந்தார்கள். நீராவிக் காலத்தில் அந்தச் சுரங்கம் புகையால் நிறைந்திருக்கும். 1954 இல் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கம் திறக்கப்பட்டது. பாதையும் 1,500 வோல்ற் நேரோட்டத்துக்கு மாறியது. விரைவு வண்டிகளை இழுக்க மன்செஸ்டரின் கோர்ட்டன் தொழிற்சாலை 1953-54 இல் ஏழு இயந்திரங்களைக் கட்டியது. எலெக்ட்ரா, அரியாட்னி, டயானா என்று கிரேக்க, ரோமப் புராணப் பெண்களின் பெயர்களைச் சூட்டினார்கள்.

ஆனால் 1956 இல் 25,000 வோல்ற் ஆடலோட்டமே இனிப் பொதுமுறை என்று முடிவாயிற்று. இந்த ஏழும் ஓடக்கூடிய வேறு பெரும்பாதை வரவில்லை. 1968 இல் நல்ல நிலையிலேயே ஒதுக்கப்பட்டன.

நெதர்லாந்திலோ அதே 1,500 வோல்ற் நேரோட்டம். அந்நாட்டுக்கு இவ்வகை புதிதுமல்ல. போரில் அதன் புகையிரதங்கள் அழிந்திருந்தபோது, இதற்கு முந்திய ‘ஈ.எம்.1’ வகையின் முதல் இயந்திரம் 1947 முதல் 1952 வரை இரவலாக அங்கே ஓடியது. அங்குள்ள தொழிலாளர் அதைச் செல்லமாக ‘டொமி’ என்றழைத்தனர்.

1969 இல் ஏழு இயந்திரங்களையும் நெதர்லாந்து வாங்கியது. ஒன்றை உதிரிப்பாகங்களுக்குக் கழற்றி, மற்ற ஆறையும் தன் முறைக்கேற்பத் திருத்தி, 1501 முதல் 1506 வரை புது எண்கள் கொடுத்தது. அவை 1986 வரை அங்கே உழைத்தன. பிறந்த நாட்டில் ஓடியதைவிட அதிக காலம்!

ஊரில் கணிதம் படிப்பித்தவர் இங்கே இரவு வேலைக்குப் போகிறார். கணக்காளர் தட்டுக் கழுவுகிறார். ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்று மனம் சோர்ந்தவர்களை நாம் அறிவோம். அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: இயந்திரத்தில் பழுதில்லை, பாதையின் மின்சாரம்தான் வேறு. பொருந்தும் பாதை கிடைக்கும்வரை துருப்பிடிக்க விடக்கூடாது. கொஞ்சம் திருத்தமும் வேண்டும். மொழி படிப்பதும் இங்குள்ள பரீட்சை எழுதுவதும் அதுவே.

ஓய்வுபெற்ற பின் எலெக்ட்ராவும் அரியாட்னியும் இங்கிலாந்து திரும்பின. டயானா நெதர்லாந்திலேயே தங்கிவிட்டது. மூன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. திரும்பியதும் தங்கியதும் இரண்டுமே நல்ல முடிவுதான். பிள்ளைகள் புகையிரதத்தைப் பற்றிக் கேட்டால் இந்தக் கதையையும் சொல்லிக் கொடுங்கள்.