ஊறும் அளவு

பயணத்தின்கண் பெரியன காணவே மக்கள் விழைவர். சிறியன கண்ணிற் பட்டும் கருத்திற் படாது ஒழிவன பல. அத்தகைய காட்சியொன்றைத் தனுக்கோடியிற் கண்டேம்.

1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலால் அழிந்த அவ்வூரின் இடிந்த சுவர்களுக்கு அப்பால், கடலுக்கு மிக அணித்தாக, முதியாளொருத்தி மணலில் முழங்கையாழக் குழி தோண்டி அமர்ந்திருந்தனள். நீர் மெல்ல ஊறிற்று. சிரட்டையால் முகந்து குடத்திற் பெய்து, மீண்டும் ஊறுமளவும் அவள் காத்திருந்தனள். எமக்கும் ஒரு சிரட்டை நீர் தந்தனள், அஃது இனித்தது. “ஆத்திரப்பட்டால் உப்பாகிவிடும் ஐயா” என்றனள்.

அவள் கூறியது மெய்யே. மணலுட் புகுந்த மழைநீர் உவர்நீரினும் நொய்தாதலின் அதன்மேல் மிதந்து நிற்கும். அளவின் மிக்கு இறைப்பின் கீழுள்ள உவர் மேலெழும்.

கடற்கரையூரிலுள்ள எம் மனையிலும் இதனையே நாடோறும் காண்கின்றேம். எம் அன்னையார் காலையிற் சில குடங்கள் முகந்தபின் கிணற்றைப் பலகையிட்டு மூடிவிடுவர். பொழுது சாயுமுன் எவர் கேட்பினும் கயிற்றைத் தாரார். அயன்மனைகளில் மின்பொறியால் இரவு பகலாய் இறைத்த கிணறுகள் உவர்ப்பட்டன. அவ்வயலார் இப்பொழுது குடமேந்தி எம் வாயிற்கு வருகின்றனர். அன்னையார் முகங்கோணாது மனைக்கு ஒரு குடம் அளிக்கின்றனர்.

ஆயினும் நிலத்தடி நீர்க்கு வேலியில்லை. ஒரு மனையார் காக்கும் அளவு ஊரையும் காவாது. அம்மனையையும் நெடிது காவாது. எம் கிணறு இன்னும் எத்துணைக் கோடைக்கு இனிக்கும் என்பது அயலார் கையிலும் உளது. நிலம் ஈவது ஊறும் அளவே. கொள்வாரும் அவ்வளவறிந்து கொள்வாராக.