விளக்கெண்ணெய்

பிட்யூட்டரி கட்டியை எடுத்த பிறகு மற்ற ஹார்மோன்கள் தேறிவிட்டன. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் திரும்பவில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை 250 மில்லிகிராம், இடுப்பில் தசைக்குள். மருந்தைக் கரைத்திருப்பது விளக்கெண்ணெயில் என்று அட்டையைப் படித்துக் காட்டினேன். "வயித்தக் கழுவுறதப் போயி ஊசியில ஏத்துறானுங்களா?" என்று அம்மா சிரித்தாள்.

இரண்டு நாள் வலிக்கும். அது பெரிசில்லை. மூன்றாம் நாள் எனக்குள் ஒருத்தன் வந்து உட்காருவான். சட்டையில் இஸ்திரி மடிப்பு சரியில்லை என்று அம்மாவிடம் கத்துவான். பன்னிரண்டாம் நாள் அவனும் போய்விட, எழுந்து பல் விளக்கவே மனசிருக்காது. மருந்து முதல் சில நாளில் உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஊசிக்குள் சரிந்துவிடும் என்று டாக்டர் கோடு போட்டுக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு எப்போதோ தெரியும். காலண்டரில் என் ஊசி நாளுக்கு மூன்றாம் நாளெல்லாம், 'சித்தி வீடு' என்று எழுதி வைத்திருந்தாள்.

இப்போது அவர் சொன்னபடி குறைந்த அளவு, வாரம் ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கடியில் நானே போட்டுக்கொள்கிறேன். ஊசி மெல்லிசு, எண்ணெயோ கெட்டி. ஆம்பூலை உள்ளங்கையில் சூடாக்கி, பொறுமையாகத் தள்ள வேண்டும். போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு வீக்கம், அரிப்பு. முதுகுப் பரு போகவில்லை. ஹீமடோக்ரிட் 52 சதவீதம். 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி வைக்கணும். ஆனால் அந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிட்டது.

போன வாரம் சாம்பாரில் உப்பில்லை என்று கத்தினேன். ஊசி போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது.

அம்மா காலண்டரைப் பார்த்தாள். "இது யாருடா?" என்றாள்.