தொழிலாளி என்னும் சொல்

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியில், ஒருகாலத்தில் சுமைத் தொழிலாளரின் அன்றாடப் பிழைப்பு 'சாப்பா' என்ற சிறு உலோக வில்லையைச் சார்ந்திருந்தது. வில்லைகளைக் கூட்டத்தின்மீது வீசியெறிவார்கள். முண்டியடித்து எடுத்தவருக்கே அன்று வேலை. அம்முறையை எதிர்த்துப் போராடியவர்கள்மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின. பசி துரத்த வந்தவர்கள் என்பதற்காக அவர்கள் தொழிலாளர் அல்லர் என எவரும் வாதிடவில்லை. வேலையின் நிபந்தனைகளை மாற்றுவதே போராட்டமாக இருந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அதே கேரளத்தில், அதே சொல்லுக்கு ஒரு பெண் உரிமை கோரினார். திருச்சூர்ப் பகுதியைச் சேர்ந்த நளினி ஜமீலா 2005இல் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பிலேயே தம்மைப் பாலியல் தொழிலாளி என்று அறிவித்தார். அந்நூலைக் குளச்சல் மு. யூசுப் தமிழாக்கியுள்ளார். ஓட்டுத் தொழிலுக்காகக் களிமண் சுமந்தவர் அவர். கணவர் இறந்தபின், பிள்ளைகளின் பராமரிப்புக்கென மாமியார் நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் கேட்டார். மண் சுமந்த கூலி அதற்குப் போதவில்லை.

வறுமை தந்த சம்மதம் சம்மதமாகுமா என்ற வினா நியாயமானதே. ஆனால் அதே வினாவைச் சாப்பாவுக்கு முண்டியடித்தவரிடம் எவரும் கேட்டதில்லை. பசியைக் காரணம் காட்டி அவரைக் காப்பகத்தில் அடைத்ததுமில்லை.

பெண்ணை அடைக்கலாம் என்கிறது சட்டம். ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் என இன்று வழங்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 'மீட்கப்பட்டவரை' ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. கடத்தி விற்கப்பட்ட சிறுமியும், தன் முடிவால் இத்தொழிலில் இருக்கும் வயதுவந்த பெண்ணும் ஒரே பூட்டுக்குள் வருகிறார்கள். முன்னவருக்கு வெளியேறுவது உரிமை. பின்னவருக்குத் தன் வாழ்வைத் தானே தீர்மானிப்பது உரிமை. இரண்டையும் ஒன்றாக்கும்போது கடத்தியவன் எளிதில் மறைந்துகொள்கிறான். பெண் மட்டுமே கணக்கில் வருகிறாள்.

2022 மே 19 அன்று, புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை ஏற்றது. விருப்பத்துக்கு மாறாக அடைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களை அடையாளங்கண்டு விடுவிக்கும் பொருட்டு, எல்லாக் காப்பகங்களையும் ஆய்வுசெய்ய மாநிலங்களைப் பணித்தது. ஆனால் 17ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. துறைமுகத் தொழிலாளியிடம் என்ன வேண்டும் என்று கேட்ட சமூகம், இப்பெண்ணை எங்கே வைப்பது என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.